குழாயிலிருந்து குடத்துக்கு: பிளாஸ்டிக் பைப் உங்க குடிநீரில் என்ன கலக்கிறது?

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், செம்பாக்கம், மேடவாக்கம் என்று எங்கே குடியிருந்தாலும் சரி, உங்க வீட்டுத் தண்ணீர் கடைசி சில நூறு அடிகளைப் பெரும்பாலும் பிளாஸ்டிக்குக்குள்தான் கடந்து வருகிறது. தெருவிலிருந்து வீட்டுக்குள் நுழையும் கறுப்பு பைப் எச்.டி.பி.இ. சம்ப்பிலிருந்து மொட்டை மாடிக்கு ஏறும் சாம்பல் நிற பைப் பி.வி.சி. குளியலறைச் சுவருக்குள் ஓடுவது சி.பி.வி.சி. மாடியில் இருக்கும் டேங்க் பாலிஎத்திலீன்.

"பிளாஸ்டிக் பைப்பிலிருந்து விஷம் இறங்குது, எல்லாத்தையும் உடனே மாத்துங்க" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வரும். "இத்தனை வருஷமா எல்லாரும் இதத்தான் குடிக்கிறாங்க, ஒண்ணும் ஆகல" என்று பைப் போட வந்தவர் சொல்வார். இரண்டில் எதை நம்பியும் முடிவு எடுக்க வேண்டாம். எந்த பைப், எவ்வளவு புதுசு, தண்ணீர் அதற்குள் எவ்வளவு நேரம் தேங்கி நின்றது என்ற மூன்று கேள்விகளுக்குப் பதில் தெரிந்தால் போதும். உங்க வீட்டில் ஆபத்து இருக்கா, இருந்தால் எவ்வளவு என்று நீங்களே கண்டுபிடிக்கலாம். அதற்கான பாடம்தான் இது. கைக்குழந்தையோ கர்ப்பிணியோ இருக்கும் வீட்டில் கட்டாயம் படிக்க வேண்டியது.

காரீயம்: முதலில் கவனிக்க வேண்டியது

பி.வி.சி. சூட்டைத் தாங்காத பொருள். பைப்பாக உருக்கி வார்க்கும்போதே சிதையத் தொடங்கிவிடும். அதைத் தடுக்க 'ஸ்டெபிலைசர்' என்ற நிலைப்படுத்தும் பொருளைச் சேர்க்கிறார்கள். இந்தியாவில் நெடுங்காலம் இதற்குப் பயன்பட்டவை காரீய உப்புகள். விலை குறைவு, வேலையும் நன்றாகச் செய்யும். ஆனால் பைப்பின் உள்பரப்பில் இருக்கும் காரீயம் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் இறங்கக்கூடியது.

நம் ஊரில் 'ஈயம்' என்றதும் ஈயச் சொம்பு ரசம்தான் நினைவுக்கு வரும். அது வெள்ளீயம், வேறு உலோகம். இங்கே நாம் பேசுவது காரீயம். நிறம், மணம், சுவை எதுவும் காட்டாமல் தண்ணீரில் கலந்திருக்கும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். வாய் வழியாகப் போகும் காரீயத்தில் பெரியவர்களைவிட 4 முதல் 5 மடங்கு வரை சிறு குழந்தைகளின் உடல் உறிஞ்சிக்கொள்ளும். தீங்கில்லாத அளவு என்று எதுவும் தெரியவரவில்லை என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. இந்தியக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500 அனுமதிக்கும் அதிகபட்ச அளவு ஒரு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். வேறு நீராதாரம் இல்லை என்று காரணம் காட்டியும் இந்த அளவைத் தளர்த்த முடியாது.

பி.வி.சி. பைப்பில் காரீயத்துக்குத் தரநிலை வகுத்து, அதைப் படிப்படியாக விலக்க வழி செய்யுமாறு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017-ல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கு உத்தரவிட்டது. அதன் தொடர்ச்சியாக, பி.வி.சி. குழாய்களிலும் இணைப்புகளிலும் காரீய ஸ்டெபிலைசர் குறித்த விதிகள் 2021-ல் வந்தன. ஐரோப்பியத் தயாரிப்பாளர்கள் 2015 முடிவுக்குள் தாங்களாகவே காரீயத்தைக் கைவிட்டிருந்தார்கள். காரீயத்துக்குப் பதில் இப்போது கால்சியம்-துத்தநாகக் கலவையும் டின் சேர்மங்களும் பயன்படுகின்றன.

இதை உங்க வீட்டோடு பொருத்திப் பாருங்க. விதிகள் வருவதற்கு முன் கட்டிய வீடு என்றால் பைப்பில் காரீயம் இருக்க வாய்ப்பு உண்டு. புதுசாகப் பைப் வாங்கப் போகிறீர்கள் என்றால் காரீயம் இல்லாததைக் கேட்டு வாங்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

மற்ற பொருட்கள்

*சொல்யூஷன் வாசனை:* பி.வி.சி., சி.பி.வி.சி. பைப்புகளை ஒட்டும் பசையில் கரைப்பான்கள் இருக்கின்றன. ஒட்டின அன்றே தண்ணீர் விட்டால் மருந்து வாசனை வரும். டப்பாவில் போட்டிருக்கும் காயும் நேரம் முடியும்வரை காத்திருக்கணும். பிறகு லைன் முழுக்கத் தண்ணீர் நிரப்பி, ஒரு இரவு ஊறவிட்டு, கொட்டிவிடணும். இதை இரண்டு மூன்று முறை செய்யுங்க.

*பச்சை ட்யூப்:* பி.வி.சி. பைப் விறைப்பானது, அதில் மென்மையூட்டி சேர்ப்பதில்லை. வளையும் தோட்டத்து ட்யூபுக்கு அந்த வளைவைத் தருவதே தாலேட் போன்ற மென்மையூட்டிகள்தான். அவை பிளாஸ்டிக்கோடு இறுகப் பிணைந்தவை அல்ல, கசியக்கூடியவை. லாரித் தண்ணீர் பிடிக்க, சம்ப்பிலிருந்து டிரம்முக்கு மாற்ற என்று புறநகரில் இந்த ட்யூப் இல்லாத வீடு குறைவு. வெயிலில் கிடந்த ட்யூபில் முதலில் வரும் சூடான தண்ணீரைக் குடிநீர்ப் பாத்திரத்தில் பிடிக்காதீங்க. குடிநீர் மாற்ற உணவுத்தர ஹோஸ் தனியாக வைத்துக்கொள்வது நல்லது.

*பெட்ரோல், தின்னர்:* பாலிஎத்திலீன் பைப்பின் சுவரைத் தாண்டி எண்ணெய்ப் பொருட்கள் உள்ளே போக முடியும். டூ-வீலர் மெக்கானிக் கடை, பெயின்ட் கடை, பெட்ரோல் பங்க் பக்கத்தில் எண்ணெய் ஊறிய மண்ணுக்குள் கறுப்பு பைப் ஓடுகிறதென்றால் இதைக் கவனிக்கணும். தண்ணீரில் பெட்ரோல் வாடை வந்தால் குடிப்பதை நிறுத்திவிட்டு உடனே புகார் கொடுங்க. காய்ச்சிப் பார்ப்பது இதற்குத் தீர்வாகாது.

*வினைல் குளோரைடு:* பி.வி.சி. செய்யப் பயன்படும் மூலப்பொருள், புற்றுநோய் தரக்கூடியது. அமெரிக்காவில் 1977-க்கு முன் தயாரான பி.வி.சி. பைப்புகளில் இதன் மிச்சம் அதிகமாக இருந்து தண்ணீரில் இறங்கியது. அதன்பின் தயாரிப்பு முறை மாறி, பைப்பில் தங்கும் மிச்சம் பெரிதும் குறைந்தது.

பிளாஸ்டிக் மிகவும் சூடானால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு எச்சரிக்கை கலிபோர்னியாவிலிருந்து வந்தது. 2018-ல் பாரடைஸ் நகரைக் காட்டுத்தீ எரித்த பிறகு, அங்கே குடிநீர்க் குழாய்களில் பென்சீன் கண்டுபிடிக்கப்பட்டது. வெந்துபோன பிளாஸ்டிக் பைப்புகளும் அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. நம் வீட்டில் இதற்கு நேரான பாடம்: பிளம்பர் பைப்பைத் தீயில் காட்டி வளைத்துப் பொருத்த விடாதீங்க. எல்போ, பென்ட் வாங்கிப் போடச் சொல்லுங்க.

எப்போது அதிகமாக இறங்கும்?

*புதுசாக இருக்கும்போது.* காரீயம் பெரும்பாலும் உள்பரப்பிலிருந்துதான் வருகிறது. தண்ணீர் ஓட ஓட அளவு குறையும். அதனால்தான் தரச் சோதனையில் ஒரே பைப் துண்டைத் திரும்பத் திரும்ப ஊறவைத்து, முதல் ஊறலுக்கு ஒரு வரம்பும் மூன்றாம் ஊறலுக்கு அதைவிடக் குறைந்த வரம்பும் வைத்திருக்கிறார்கள்.

*தேங்கி நிற்கும்போது.* ராத்திரி முழுக்க பைப்பில் நின்ற தண்ணீர், ஊருக்குப் போய்த் திரும்பிய வீட்டின் தண்ணீர், புது ஃபிளாட்டின் முதல் மாதத் தண்ணீர்.

*சூடாக இருக்கும்போது.* மொட்டை மாடியில் வெயில் படும் பைப், கீசர், சோலார் ஹீட்டர். "சீக்கிரம் கொதிக்கும்" என்று கீசர் தண்ணீரைச் சமையலுக்குப் பிடிக்காதீங்க. வெயில் பி.வி.சி.யின் மேற்பரப்பையும் சிதைக்கும். பைப் வெளுத்து, மாவு போலக் கையில் ஒட்டினால் அதை மாற்றும் நேரம் வந்தாச்சு.

*தண்ணீரின் தன்மை.* தாது குறைந்த, புளிப்புத்தன்மை கூடிய நீர் உலோகத்தை எளிதில் கரைக்கும். கடின நீர் பைப்புக்குள் உப்புப் படிவத்தை உண்டாக்கும், அது ஓரளவு உறை போல நிற்கும். எல்லாத் தெருவிலும் ஒரே தண்ணீர் வருவதில்லை என்பதால் நம் பகுதிக்கு இது முக்கியம். பாலாற்றுத் தண்ணீர், மாடம்பாக்கம் ஏரிக் கிணறு, போர், லாரி என்று பல வழிகள் இருக்கின்றன. நெம்மேலியில் 2013-லும் 2024-லும் திறந்த கடல்நீர் நிலையங்களும் தென்சென்னைப் பகுதிகளுக்குத் தண்ணீர் தருகின்றன. கடல்நீரைச் சுத்திகரிக்கும்போது தாதுக்கள் நீங்கிவிடும். அதனால் தாதுவைத் திரும்பச் சேர்த்த பிறகே குழாயில் விடுவது வழக்கம். வீட்டு ஆர்.ஓ. நீருக்கு எல்லாக் கருவிகளிலும் அப்படி நடப்பதில்லை. ஆகவே ஆர்.ஓ. தண்ணீரை எவர்சில்வர் பாத்திரத்திலோ கண்ணாடியிலோ பிடித்து வையுங்க, பைப் வழியாக வேறு அறைக்குக் கொண்டுபோக வேண்டாம்.

ஒரு சின்னக் கணக்கு: காலையில் எவ்வளவு விட வேண்டும்?

பலரும் டேங்கைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். ஆனால் ஒரு லிட்டர் தண்ணீர் எவ்வளவு பிளாஸ்டிக்கைத் தொடுகிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்க. ஒரு மீட்டர் விட்டமுள்ள 1,000 லிட்டர் டேங்கில் ஒரு லிட்டருக்குச் சுமார் 50 சதுர சென்டிமீட்டர், அதாவது ஒரு ஏ.டி.எம். கார்டு அளவு. 20 மி.மீ. உள்விட்டமுள்ள பைப்பில் அதே ஒரு லிட்டர் தொடுவது 2,000 சதுர சென்டிமீட்டர். மூன்று ஏ4 தாளுக்கு மேல். ஆகவே கவனிக்க வேண்டியது பைப்பில் நின்ற தண்ணீரை.

அந்தப் பைப்பில் ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 0.3 லிட்டர் தண்ணீர் நிற்கும். 25 மி.மீ. பைப் என்றால் 0.5 லிட்டர். மாடி டேங்கிலிருந்து உங்க கிச்சன் குழாய்வரை 15 மீட்டர் என்று வையுங்க. 15-ஐ 0.3-ஆல் பெருக்கினால் 4.5 லிட்டர். அதாவது காலையில் முதல் 5 லிட்டரைப் பக்கெட்டில் பிடித்துவிட்டால் பைப்பில் ராத்திரி நின்ற தண்ணீர் முழுசும் வெளியே வந்துவிடும்.

அந்தத் தண்ணீரைக் கொட்ட வேண்டாம். 2019-ல் ஏரிகள் வறண்டு, குடத்தோடு லாரிக்குக் காத்திருந்த ஊர் நம்முடையது. வீடு துடைக்க, துணி அலச, டாய்லெட்டுக்குப் பயன்படுத்துங்க. அதன் பிறகு வரும் தண்ணீரைக் குடிக்க, சமைக்க, முக்கியமாகக் குழந்தைக்குப் பால் பவுடர் கலக்கப் பயன்படுத்துங்க. பாலுக்கான தண்ணீரைப் பிடித்த பிறகு கொதிக்க வைத்து ஆற்றிக்கொள்ளணும், அது கிருமிக்காக. கொதிக்க வைத்தால் காரீயம் போகாது. நீர் ஆவியாகக் குறையக் குறைய அதன் செறிவு கொஞ்சம் கூடத்தான் செய்யும்.

கடையில் என்ன பார்க்க வேண்டும்?

பைப் மேல் அச்சிட்டிருப்பதைப் படிங்க. குடிநீருக்கான எண்கள் இவை:

- பி.வி.சி. பைப்: ஐ.எஸ். 4985
- எச்.டி.பி.இ. பைப்: ஐ.எஸ். 4984
- சி.பி.வி.சி. பைப்: ஐ.எஸ். 15778
- பாலிஎத்திலீன் டேங்க்: ஐ.எஸ். 12701

ஐ.எஸ். 13592 என்று இருந்தால் அது கழிவுநீர், மழைநீர் பைப். மிச்சம் இருக்கிற துண்டுதானே என்று அதையும், வயரிங் பைப்பையும் குடிநீர் லைனில் சேர்த்துவிடும் பழக்கம் உண்டு. விடாதீங்க.

ஐ.எஸ்.ஐ. முத்திரைக்குக் கீழே 'சி.எம்/எல்' என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். கடையில் நின்றபடியே சரிபார்க்கலாம்:

1. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 'பி.ஐ.எஸ். கேர்' செயலியைத் திறங்க.
2. உரிம எண்ணைச் சரிபார்க்கும் பகுதிக்குப் போங்க.
3. எண்ணைப் போடுங்க. தயாரிப்பாளர் பெயர், எந்தப் பொருளுக்கான உரிமம், உரிமம் நடப்பில் உள்ளதா என்பது தெரியும்.
4. பெயரோ பொருளோ பொருந்தவில்லை என்றால் வாங்காதீங்க. அதே செயலியில் புகாரும் கொடுக்கலாம்.

பிறகு கடைக்காரரிடம் ஒரு கேள்வி: "இது லெட்-ஃப்ரீயா? பில்லுல எழுதித் தர்றீங்களா?" எழுதித் தரத் தயங்கினால் வேறு பிராண்டைப் பாருங்க. பில்டரிடம் ஃபிளாட் வாங்குகிறவர்கள் ஒப்பந்தத்தின் பொருள் விவரப் பட்டியலில் ஐ.எஸ். எண்ணையும் 'காரீயமற்ற பைப்' என்பதையும் சேர்க்கச் சொல்லுங்க. சுவர் பூசிய பிறகு இதைக் கேட்டுப் பயனில்லை.

சந்தேகமா? மூன்று பாட்டில் சோதனை

முதலில், எது சோதனை ஆகாது என்று தெரிஞ்சுக்கணும். டி.டி.எஸ். மீட்டர் காரீயத்தைக் காட்டாது. அந்த மீட்டரின் மிகச் சிறிய அலகு லிட்டருக்கு 1 மில்லிகிராம். காரீயத்தின் வரம்போ அதில் நூற்றில் ஒரு பங்கு. டி.டி.எஸ். 80 என்று காட்டும் தண்ணீரிலும் வரம்பைத் தாண்டிய காரீயம் இருக்கலாம். வீட்டுக்கு வந்து இரண்டு கம்பியைத் தண்ணீரில் விட்டு, கரண்ட் கொடுத்து, "பாருங்க எவ்வளவு அழுக்கு" என்று காட்டும் வித்தையும் அப்படித்தான். அந்தப் பழுப்பு நிறம் கம்பியின் இரும்பிலிருந்து வருவது.

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்களில் பொதுமக்கள் கட்டணம் செலுத்தித் தண்ணீரைச் சோதிக்கலாம். அங்கீகாரம் பெற்ற தனியார் ஆய்வகங்களும் உண்டு. போகும் முன் போனில் இரண்டு விஷயம் கேளுங்க: "காரீயம் பார்ப்பீங்களா? 0.01 மில்லிகிராமுக்குக் கீழேயும் உங்க கருவி கண்டுபிடிக்குமா?" வழக்கமான குடிநீர்ப் பரிசோதனையில் காரீயம் சேராமல் இருக்கலாம், தனியாகக் கேட்டால்தான் செய்வார்கள். உலோகச் சோதனைக்கான பாட்டிலை ஆய்வகத்திலேயே வாங்கிக்கொள்ளுங்க.

- முதல் பாட்டில்: ராத்திரி குறைந்தது 6 மணி நேரம் குழாயைத் திறக்காமல் வைத்து, காலையில் கிச்சன் குழாயில் வரும் முதல் தண்ணீர்.
- இரண்டாம் பாட்டில்: நீங்கள் கணக்கிட்ட அளவைப் பக்கெட்டில் விட்ட பிறகு, அதே குழாயில்.
- மூன்றாம் பாட்டில்: சம்ப்புக்குள் விழும் முன், தெரு இணைப்பிலிருந்து நேராக. போர் என்றால் மோட்டார் பக்கத்தில்.

முதல் பாட்டிலில் மட்டும் அதிகம் என்றால் காரணம் உங்க வீட்டு பைப் அல்லது குழாய். பித்தளைக் குழாயிலும் காரீயம் இருக்கலாம் என்பதால் அதையும் சந்தேகப்படுங்க. காலையில் தண்ணீரை ஓடவிடுவது உடனடி நிவாரணம், அந்த லைனை மாற்றுவது நிரந்தரத் தீர்வு. இரண்டாம் பாட்டிலிலும் அதிகம், மூன்றாவது சரி என்றால் டேங்க், ஏற்று பைப் எல்லாவற்றையும் பார்க்கணும். மூன்றிலுமே அதிகம் என்றால் பிரச்சினை வீட்டுக்கு வெளியே. அறிக்கையோடு உள்ளாட்சியை அணுகுங்க. அதுவரை ஆர்.ஓ. காரீயத்தை நன்றாகக் குறைக்கும், சாதாரண கேண்டில் ஃபில்டரை நம்ப வேண்டாம்.

அளவு கூடுதலாக இருந்து வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் குழந்தை மருத்துவரிடம் அறிக்கையைக் காட்டி, ரத்தத்தில் காரீய அளவு பார்க்கணுமா என்று கேளுங்க. டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தால் காரீயம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்த வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதல்.

யாரிடம் சொல்வது?

தென்புறநகரில் பாதிப் புகார் தவறான அலுவலகத்துக்குப் போவதால்தான் நேரம் வீணாகிறது.

- தாம்பரம் மாநகராட்சி: தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை ஆகிய ஐந்து பேரூராட்சிகளும் 2021-ல் இணைந்து உருவானது. இங்கே குடிநீர் மாநகராட்சியின் பொறுப்பு.
- சென்னைக் குடிநீர் வாரியம்: ஆலந்தூர், பெருங்குடி, சோழிங்கநல்லூர் போன்ற சென்னை மாநகராட்சி மண்டலங்கள். புகார் எண் 1916.
- ஊராட்சிகள்: மேடவாக்கம் போன்ற பகுதிகளில் முதலில் ஊராட்சி அலுவலகம், அடுத்து பரங்கிமலை ஊராட்சி ஒன்றியம்.
- எங்கும் பதில் இல்லையென்றால் முதல்வரின் உதவி மையம் 1100.
- போலி ஐ.எஸ்.ஐ. முத்திரைக்கு 'பி.ஐ.எஸ். கேர்' செயலி. தரமணியில் அமைவனத்தின் அலுவலகமும் இருக்கிறது. கடைக்காரர் பணம் திருப்பித் தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

உங்க தெருவில் புது பைப் போடுகிறார்களா? என்ன ஐ.எஸ். எண் பைப், கடைசியாக எப்போது தண்ணீர் சோதித்தார்கள், முடிவு என்ன என்று தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு கேட்கலாம். 30 நாளில் பதில் தரணும். குடியிருப்போர் சங்கம் சேர்ந்து கேட்டால் தெரு முழுவதற்கும் பயன்.

எது முதலில்?

தண்ணீர் கலங்கி வந்தாலோ சாக்கடை வாடை அடித்தாலோ இந்தப் பாடத்தை ஒதுக்கி வையுங்க. கிருமி ஒரே நாளில் படுக்க வைத்துவிடும். அந்தத் தண்ணீரைக் குடிக்காமல், உடனே புகார் கொடுத்து, வேறு தண்ணீரைக் காய்ச்சிக் குடிங்க. காரீயம் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் சேர்ந்து பாதிப்பது. அதற்கு அவசரப்பட்டு ஒரே நாளில் சுவரை உடைக்க வேண்டியதில்லை. இன்றைக்குச் செய்யக்கூடியது மூன்று: மாடிக்குப் போய்ப் பைப்பில் உள்ள ஐ.எஸ். எண்ணைப் போட்டோ எடுங்க, டேங்கிலிருந்து கிச்சன்வரை நீளத்தை அளந்து லிட்டர் கணக்குப் போடுங்க, நாளைக் காலை முதல் தண்ணீரைத் தனிப் பக்கெட்டில் பிடிங்க. பைப்பில் எண் எதுவும் இல்லையென்றால், அடுத்த வேலை மூன்று பாட்டில்.